90 நாற்காலிகள்... அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? மும்பையின் சிம்பொனி சீசன் கதை!

'ஆர்கெஸ்ட்ரா' என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கல்யாண ரிசப்ஷன், சீரியல் பல்பு, கீபோர்டு, டிரம்ஸ், வாசலில் நிற்பவர் காதையும் கிழிக்கும் ஸ்பீக்கர். நடுவில் யாராவது ஒரு மாமா மேடைக்குத் துண்டுச் சீட்டு அனுப்புவார். அவர் கேட்ட பாட்டு வரும். எல்லோரும் சாப்பிடப் போவார்கள்.

மும்பை நரிமன் பாயின்ட்டில், அரபிக் கடலை ஒட்டி நிற்கும் ஓர் அரங்கில் நடக்கும் ஆர்கெஸ்ட்ரா முற்றிலும் வேறு ரகம். துண்டுச் சீட்டு செல்லாது. பொதுவாக மைக்கும் கிடையாது. பெரிய படைப்பு என்றால் மேடையில் எண்பது, தொண்ணூறு பேர்கூட இருப்பார்கள். வயலின்காரர்களின் வில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே போகும், ஒரே நேரத்தில் கீழே வரும். நெல் வயலில் காற்று அடித்த மாதிரி இருக்கும்.

இதுதான் 'சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா'. சுருக்கமாக எஸ்.ஓ.ஐ. 2006ல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் தொழில்முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றால் இன்றைக்கும் எல்லோரும் கைகாட்டுவது இதைத்தான்.

சென்னையில் 'சீசன்' என்றால் மார்கழி. மும்பையில் இந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு வருடத்தில் இரண்டு சீசன். பெரும்பாலும் ஒன்று பிப்ரவரி வாக்கில், இன்னொன்று செப்டம்பர் வாக்கில். சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து கச்சேரிகள். ஒவ்வொன்றுக்கும் வெளிநாட்டிலிருந்து ஒரு கண்டக்டரோ, 'சோலோயிஸ்ட்' எனப்படும் தனிக்கலைஞரோ விருந்தாளியாக வருவார்.

அந்த விருந்தாளிகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். விசாரிக்க விசாரிக்க, கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது!

தீயில் எரிந்து, மறுபடி எழுந்த அரங்கம்

முதலில் அந்த இடம். என்.சி.பி.ஏ. எனப்படும் தேசிய நிகழ்கலை மையம் 1969ல் தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் ஜே.ஆர்.டி.டாடாவும் ஜம்ஷெட் பாபாவும். அணு விஞ்ஞானி ஹோமி பாபா தெரியும் இல்லையா... அவருடைய தம்பிதான் ஜம்ஷெட். கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் இந்த மையம் எழுந்தது.

சிம்பொனியும் ஓபராவும் நடத்தத் தகுந்த ஒரு பெரிய அரங்கம் வேண்டும் என்பது ஜம்ஷெட் பாபாவின் நீண்ட நாள் கனவு. அரங்கம் ஏறக்குறைய முடிகிற நேரம், 1997ல் தீ விபத்து. எல்லாம் போயிற்று. வேறு யாராக இருந்தாலும், 'போதும்டா சாமி' என்று உட்கார்ந்திருப்பார்கள். எண்பது வயதைத் தாண்டியிருந்த அந்த மனிதர் மறுபடி கட்டினார். 1999ல் அரங்கம் திறக்கப்பட்டது. 1,109 இருக்கைகள். இன்று அதற்கு அவர் பெயரே: ஜம்ஷெட் பாபா தியேட்டர்.

அரங்கம் வந்துவிட்டது. அதில் வாசிக்க ஓர் ஆர்கெஸ்ட்ரா வேண்டுமே? என்.சி.பி.ஏ.வின் குஷ்ரூ சன்டூக், லண்டனில் ஒரு கச்சேரிக்குப் போனார். கஜகஸ்தானைச் சேர்ந்த வயலின் கலைஞர் மராட் பிசென்கலியேவின் வாசிப்பைக் கேட்டு அசந்துபோனார். இருவரும் கைகோத்துத் தொடங்கியதுதான் எஸ்.ஓ.ஐ. மராட் அதன் இசை இயக்குநர் ஆனார்.

'கண்டக்டர்' டிக்கெட் கிழிப்பவர் அல்ல!

ஒரு மாலைக் கச்சேரி எப்படி நடக்கும்? பெரும்பாலும் மெனு இதுதான். முதலில் பத்து நிமிடத்தில் முடியும் ஒரு சின்னப் படைப்பு. இதற்கு 'ஓவர்ச்சர்' என்று பெயர். அடுத்து, விருந்தாளி சோலோயிஸ்ட் வாசிக்கும் 'கன்சர்ட்டோ'. அதன் பிறகு இடைவேளை. கடைசியில், முக்கால் மணி நேரம் வரை போகக்கூடிய சிம்பொனி.

தொடங்கும் முன் ஒரு சின்னச் சடங்கு. 'ஓபோ' என்று ஒரு குழல் வாத்தியம். நம் நாகஸ்வரம் போலவே இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது. அது ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். மற்ற எல்லோரும் அதற்குத் தங்கள் வாத்தியங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். நம் கச்சேரியில் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதுபோலத்தான்.

முதல் வரிசை வயலினில் முதலாவதாக உட்கார்ந்திருப்பவர் 'கன்சர்ட் மாஸ்டர்'. மொத்தக் குழுவின் லீடர் மாதிரி. வயலின் வில் எந்த இடத்தில் மேலே, எந்த இடத்தில் கீழே என்பதில் அவர் பேச்சுதான் முக்கியம். வயலின்காரர்கள் இரண்டு பேருக்கு ஓர் இசைத்தாள் ஸ்டாண்டு. பக்கம் புரட்ட வேண்டிய நேரத்தில் உள்பக்கம் இருப்பவர் வாசிப்பை நிறுத்திப் புரட்டுவார். வெளிப்பக்கம் இருப்பவர் தொடர்ந்து வாசிப்பார். அடுத்த முறை பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். அவ்வளவு அழகான பாகப்பிரிவினை!

கண்டக்டர் கையில் ஒரு சின்னக் குச்சி. அவர் ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. ஆனால் வேகம் எவ்வளவு, எந்த வாத்தியம் முன்னால் கேட்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். ஒரே சிம்பொனியை இரண்டு கண்டக்டர்கள் நடத்தினால், இரண்டு வீட்டுச் சாம்பார் மாதிரி வேறு வேறாக இருக்கும்.

அரை மணி நேர விருந்தாளி

இப்போது சோலோயிஸ்ட். கன்சர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியத்துக்கும் மொத்த ஆர்கெஸ்ட்ராவுக்கும் நடக்கும் உரையாடல். பெரும்பாலும் மூன்று பகுதிகள்: வேகம், நிதானம், மறுபடி வேகம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நடுவில் ஓர் இடத்தில் ஆர்கெஸ்ட்ரா முழுக்க அமைதியாகி, சோலோயிஸ்ட் மட்டும் தன் வித்தை முழுவதையும் காட்டுவார். அதன் பெயர் 'கடென்சா'. நம் தனி ஆவர்த்தனத்தின் தூரத்துச் சொந்தம்.

இத்தனைக்கும், விருந்தாளி சோலோயிஸ்ட் ஆர்கெஸ்ட்ராவோடு பழக மாதக்கணக்கில் நேரம் கிடைப்பதில்லை. விமானத்தில் வந்து இறங்குவார். கண்டக்டரோடு உட்கார்ந்து ஒருமுறை பேசிக்கொள்வார். ஓரிரு ஒத்திகை. பிறகு மேடை. வயலின்காரராவது தன் வாத்தியத்தைக் கையோடு கொண்டு வரலாம். பியானோ கலைஞர் பாவம்... எந்த ஊரில் எந்தப் பியானோ இருக்கிறதோ, அதோடுதான் குடித்தனம்!

அதிலும் சோலோயிஸ்ட்கள் பெரும்பாலும் தாளைப் பார்க்காமல், மனப்பாடமாக வாசிப்பார்கள். இந்த வழக்கத்தை 19ம் நூற்றாண்டில் பிரபலமாக்கியவர்கள் பியானோ மேதைகளான லிஸ்ட்டும் கிளாரா ஷூமனும்.

இது எவ்வளவு பெரிய விஷப்பரீட்சை என்பதற்கு ஒரு நிஜக்கதை. போர்ச்சுகல் பியானோ கலைஞர் மரியா ஜோவாவ் பிரஸ், 1990களின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாசிக்க உட்கார்ந்தார். எதிரே ரசிகர்கள். கண்டக்டர் ரிக்கார்டோ ஷாயி குச்சியை அசைத்தார். ஆர்கெஸ்ட்ரா தொடங்கியதும் பிரஸ்ஸின் முகம் வெளிறிவிட்டது. அவர் தயார் செய்து வந்தது மொசார்ட்டின் வேறொரு கன்சர்ட்டோ! ஆர்கெஸ்ட்ரா வாசிப்பதோ, அவரது 20வது கன்சர்ட்டோ!

நல்லவேளை, அதில் பியானோ நுழைவதற்கு முன் ஆர்கெஸ்ட்ரா மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வாசிக்கும். அந்த இடைவெளியில் கண்டக்டர் குச்சியை ஆட்டிக்கொண்டே சிரித்த முகத்தோடு அவருக்குத் தைரியம் சொன்னார். பிரஸ் தலையைக் கவிழ்த்து யோசித்தார். அவர் நுழைய வேண்டிய இடம் வந்தது. கையை வைத்தார். நினைவிலிருந்தே, ஒரு சுரம் பிசகாமல் வாசித்து முடித்தார். அந்த வீடியோவை இணையத்தில் இன்றும் பார்க்கலாம். முகத்தில் பயம் வருவதும், பிறகு மெல்ல விலகுவதும் அப்படியே தெரியும்.

மும்பையில் எஸ்.ஓ.ஐ.யோடு வாசித்த விருந்தாளிகள் பட்டியலில் இந்தப் பிரஸ்ஸும் இருக்கிறார். வயலின் கலைஞர் அலினா இப்ராகிமோவா, வட அயர்லாந்தின் பியானோ கலைஞர் பேரி டக்ளஸ், அமெரிக்க ஓபரா பாடகி ஏஞ்சல் புளூ என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

நான் கை தட்டிய கதை

நான் முதன்முதலாக இப்படி ஒரு கச்சேரிக்குப் போனபோது சாய்கோவ்ஸ்கியின் வயலின் கன்சர்ட்டோ. முதல் பகுதி முடியும்போது அனல் பறக்கும். ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் ஓங்கி அடித்து நிறுத்தியது. நான் என்னையறியாமல் கை தட்டிவிட்டேன். முன் வரிசை ஆன்ட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு மிஸ்ஸிடம் வாங்கியதற்குப் பிறகு அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதே இல்லை!

கன்சர்ட்டோவின் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான் கை தட்ட வேண்டுமாம். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் ஆறுதல் கிடைத்தது. 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதிக்குப் பகுதி கை தட்டுவது சாதாரணம். 1813ல் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி முதன்முறை அரங்கேறியபோது, இரண்டாவது பகுதியை 'ஒன்ஸ் மோர்' கேட்டு மறுபடி வாசிக்க வைத்திருக்கிறார்கள். பீத்தோவனே நடத்திய கச்சேரி அது!

அந்தச் சாய்கோவ்ஸ்கி கன்சர்ட்டோவுக்கும் ஒரு சோகக்கதை உண்டு. 1878ல் எழுதினார். அப்போதைய பெரிய வயலின் வித்வான் லியோபோல்ட் ஆவரிடம் கொடுத்தால், 'இப்படியே வாசிக்க முடியாது' என்று ஒதுங்கிவிட்டார். 1881ல் வியன்னாவில் அடால்ஃப் பிராட்ஸ்கி துணிந்து வாசித்தார். பிரபல விமர்சகர் ஹான்ஸ்லிக் கிழிகிழியென்று கிழித்தார். இன்று அது இல்லாமல் வயலின் உலகமே இல்லை. ஒதுங்கிய ஆவரே பின்னாளில் தன் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். நல்ல இசைக்கு முதல் நாள் கைதட்டல் அவ்வளவு முக்கியமில்லை போல!

தபேலாவோடு வந்த விருந்தாளி

இந்த சீசன்களின் விருந்தாளிகளில் ஒருவர் வெளியூர்க்காரர் இல்லை. மும்பையிலேயே பிறந்தவர். ஜாகிர் உசேன்!

தபேலாவுக்கும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்குமாக அவர் ஒரு கன்சர்ட்டோ எழுதினார். பெயர், 'பேஷ்கார்'. தபேலா தனிக்கச்சேரியில் முதலில் வாசிக்கும் பகுதிக்கு அதுதான் பெயர். 2015ல் எஸ்.ஓ.ஐ. அதை மும்பையில் அரங்கேற்றியது.

இதில் என்ன சிரமம் என்கிறீர்களா? நம் சங்கீதத்தில் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒத்திகையே இல்லாமல் நேராக மேடையில் சந்தித்துக்கொள்வது உண்டு. அங்கே தோன்றுவதை அங்கேயே வாசிப்பார்கள். சிம்பொனியில் அது நடக்காது. ஒருவர் திடீரென்று இரண்டு ஆவர்த்தனம் கூடுதலாக வாசித்தால், தொண்ணூறு பேர் எங்கே போவார்கள்? தாளில் உள்ளதை மட்டும் நம்பும் உலகமும், அந்த நொடியில் தோன்றுவதை நம்பும் உலகமும் ஒரே மேடையில் கைகுலுக்க வேண்டும். ஜாகிர் அதைச் செய்தார். 2016ல் எஸ்.ஓ.ஐ. ஸ்விட்சர்லாந்துக்கும், 2019ல் பிரிட்டனுக்கும் போனபோது, பேஷ்காரும் கூடவே போனது.

2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார். தபேலாவுக்காக அவர் எழுதிய இசை தாளில் இருக்கிறது. இனி அதை வாசிக்கப் போகும் கைகள் யாருடையவை என்பது ஒரு பெரிய கேள்வி.

மேடையில் எல்லோருமே விருந்தாளிகளா?

கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது என்றேனே... இங்கேதான்.

சோலோயிஸ்ட் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்பதில் ஆச்சர்யம் இல்லை. லண்டனிலும் பெர்லினிலும்கூட அப்படித்தான். ஆனால் எஸ்.ஓ.ஐ. மேடையில், சோலோயிஸ்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கலைஞர்களிலும் பெரும்பாலோர் வெளிநாட்டவர்தான். கஜகஸ்தானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் சீசனுக்காக வருகிறவர்கள். வருடம் முழுக்க மும்பையிலேயே இருந்து வாசிக்கும் ஒரு குழு உண்டு. ஆனால், அது சின்னது. பெயரில் 'இந்தியா' இருக்கிறது, மேடையில் இந்தியர்கள் குறைவு என்ற விமர்சனம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.

மும்பைக்கு மேற்கத்திய இசை புதுசா என்றால், அதுவும் இல்லை. 1935லேயே அங்கே 'பாம்பே சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா'வை உருவாக்கினார் வயலின் கலைஞர் மெஹ்லி மேத்தா. அந்த வீட்டில் ஒத்திகை கேட்டே வளர்ந்த பையன்தான், உலகப் புகழ்பெற்ற கண்டக்டர் ஜுபின் மேத்தா. 18 வயதில் வியன்னாவுக்குப் படிக்கப் போனவர், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், இஸ்ரேல் என்று பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அப்பா மெஹ்லியும் வெளிநாடு போய்விட்டார். 2023ல், 87 வயதில், சொந்த ஊருக்கு வந்து எஸ்.ஓ.ஐ.யை நடத்தினார் ஜுபின். யோசித்துப் பாருங்கள்... பிறந்த ஊரிலேயே அவரும் விருந்தாளி!

இன்னொரு பெயர், ஆன்டனி கொன்சால்வஸ். 'அமர் அக்பர் ஆன்டனி' படத்தில் அமிதாப் முட்டையிலிருந்து வெளியே வந்து பாடும் பாட்டில் வரும் அதே பெயர்தான்! அது கற்பனைப் பெயர் இல்லை. கோவாவைச் சேர்ந்த நிஜமான வயலின் மேதை. லட்சுமிகாந்த்-பியாரிலால் இரட்டையரில் பியாரிலாலுக்கு வயலின் குரு. குருவுக்குச் சிஷ்யர் செய்த மரியாதை அந்தப் பாட்டு. இந்த ஆன்டனி, ராகங்களை வைத்து சிம்பொனி எழுதி, அவற்றை வாசிக்க 1958ல் ஓர் ஆர்கெஸ்ட்ராவையே உருவாக்கினார். அது நிலைக்கவில்லை.

ஆக, திறமை இருந்தது, ஆசை இருந்தது. எது இல்லை? மாதச் சம்பளம்! வருடம் முழுக்கச் சோறு போடும் ஓர் ஆர்கெஸ்ட்ரா இல்லாததால், நல்ல கலைஞர்கள் சினிமா ஸ்டுடியோவுக்கோ வெளிநாட்டுக்கோ போனார்கள்.

இரண்டாவது பிரச்னை, வாத்தியங்கள். நம் ஊரில் பியானோ, கீபோர்டு, வயலின் சொல்லித்தர டீச்சர் கிடைப்பார். 'பஸ்ஸூன்', 'பிரெஞ்ச் ஹார்ன்', 'ஓபோ', 'வியோலா' கற்றுத்தர? கடையில் போய் அந்த வாத்தியத்தைக் கேட்டாலே மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆனால் ஓபோ இல்லாமல் சுருதி சேர்க்க முடியாது. ஹார்ன் இல்லாமல் பிராம்ஸ் இல்லை. சோலோயிஸ்ட் ஒருவரை உருவாக்க ஒரு நல்ல குரு போதும். ஆர்கெஸ்ட்ராவை உருவாக்க ஒரு பள்ளிக்கூடமே வேண்டும்.

விடை, வகுப்பறையில்!

இது எஸ்.ஓ.ஐ.க்கும் தெரிந்தே இருந்தது. அதனால்தான் 2012ல் ஓர் இசைப் பள்ளியைத் தொடங்கியது. ரஷ்ய முறைப் பயிற்சி. சின்ன வயதிலேயே சேர்த்துக்கொண்டு, வாத்தியத்தோடு இசைக் கோட்பாடு, சுரம் கேட்டுப் பாடும் பயிற்சி, சேர்ந்திசை என்று எல்லாம் சொல்லித்தருகிறார்கள். பாடம் எடுப்பவர்களில் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் கலைஞர்களும் உண்டு. சீசனுக்கு வந்த விருந்தாளி, குருவாக மாறும் இடம் இது.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆறு, ஏழு வயதில் வில் பிடிக்கும் குழந்தை, தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவின் நாற்காலியில் உட்கார ஏறக்குறைய பதினைந்து வருடம் ஆகும். அதுவரை தினமும் பயிற்சி. நடுவில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நீட், ஜே.இ.இ. எல்லாம் வரும். 'பாட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்... முதல்ல மார்க்கு' என்று வீட்டில் ஒரு குரல் வரும். அந்தக் குரலைத் தாண்டி வருகிற பிள்ளைக்கு, முடிவில் ஒரு வேலை இருக்கும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தரக்கூடியது, நின்று நிலைக்கும் ஓர் ஆர்கெஸ்ட்ரா மட்டும்தான். கோழியும் முட்டையும் கதைதான்!

இந்த விஷயத்தில் நமக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. 2025 மார்ச் 8 அன்று, லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. தமிழ்நாடே கொண்டாடியது. அன்று ராயல் ஃபில்ஹார்மோனிக் கன்சர்ட் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய கண்டக்டர் மிகேல் டாம்ஸ், மும்பை எஸ்.ஓ.ஐ.யின் கண்டக்டராகவும் பணியாற்றியவர். பண்ணைபுரத்தில் பிறந்த ஒருவர் சிம்பொனி எழுதிவிட்டார். அதை வாசிக்க லண்டன் கலைஞர்கள் வேண்டியிருந்தது. எழுதும் கை இங்கே இருக்கிறது. வாசிக்கும் எண்பது ஜோடிக் கைகள்?

முதல் முறை போகிறீர்களா?

மும்பை போகும் வேலை சீசன் நேரத்தில் அமைந்தால், ஒரு மாலையை ஒதுக்கிவிடலாம். சில டிப்ஸ்...

* கோட், சூட் எல்லாம் கட்டாயமில்லை. நேர்த்தியான எந்த உடையும் போதும்.

* நேரத்துக்குப் போங்கள். படைப்பு தொடங்கிவிட்டால், இடைவெளி வரும்வரை வெளியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

* அன்று வாசிக்கப் போகும் கன்சர்ட்டோவை முந்தைய நாளே போனில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தெரிந்த மெட்டு மேடையில் வரும்போது கிடைக்கும் சந்தோஷமே தனி.

* எப்போது கை தட்டுவது என்று குழப்பமா? கண்டக்டரின் கை முழுசாகக் கீழே இறங்கி, அவர் நம் பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். தப்பித்தவறி நடுவில் தட்டிவிட்டால் பரவாயில்லை. பீத்தோவன் காலத்து ரசிகர்கள் உங்கள் கட்சி!

* சோலோயிஸ்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். கடைசி வரிசையில் நாற்பது நிமிடம் காத்திருந்து, ஒரே ஒரு முறை 'சிம்பல்' தட்டுகிறவரையும் பாருங்கள். எண்ணிக்கொண்டே இருப்பார். ஓர் எண் தவறினால் எல்லாம் போச்சு!

கச்சேரி முடிந்ததும் சோலோயிஸ்ட்டுக்குப் பூங்கொத்து கொடுப்பார்கள். அவர் குனிந்து வணங்குவார். மறுநாளோ அதற்கு மறுநாளோ விமானம். சீசன் முடிந்ததும் மேடையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் பெட்டி கட்டுவார்கள். நாற்காலிகளை அடுக்கி வைப்பார்கள்.

அடுத்த நாள் மாலை, அதே வளாகத்தில் ஏதோ ஒரு வகுப்பறையில், தன் உயரத்துக்கேற்ற குட்டி வயலினைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒரு குழந்தை 'கிறீச் கிறீச்' என்று வாசித்துக்கொண்டிருக்கும். கேட்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தச் சத்தம் நிற்காமல் இருந்தால் போதும். பதினைந்து வருடம் கழித்து, அந்த நாற்காலிகளில் ஒன்றாவது விருந்தாளிக்குக் காத்திருக்காது!